ஒரு சாண் எறும்பு

பொம்மை டைனோசர் காட்சிப்பெட்டி ஆர்வலர் சங்கம் முறைப்படி பதிவு செய்யப்பட்ட சங்கம். உறுப்பினர்கள் பதினொரு பேர், நிர்வாகிகள் பதினாலு பேர். கணக்கு இடிக்கிறதே என்று யாரும் கவலைப்பட வேண்டாம்; மூன்று பேர் ஆளுக்கு இரண்டு பதவி வைத்திருந்தார்கள். பதவி இல்லாத உறுப்பினர் என்று ஒருத்தரும் கிடையாது. அதனால் உத்தரவு போட நிறையப் பேர் இருந்தார்கள், கேட்டு நடக்கத்தான் ஆள் இல்லை.

காட்சிப்பெட்டி ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஒரு மரப்பெட்டியின் மேல்பலகையையும் முன்பலகையையும் கழற்றிவிட வேண்டியது. உள்ளே மண், மரம், பாறை, குட்டை எல்லாம் செய்து, கடையில் வாங்கின டைனோசர் பொம்மைகளுக்கு அழகாக வர்ணம் பூசி நிறுத்த வேண்டியது. பல கோடி வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று பார்க்கிறவர்களை நம்ப வைக்க வேண்டியது. அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு போட்டி. ஜெயித்த பெட்டி நூலக வாசலில் இருக்கும் கண்ணாடி அலமாரியில் ஒரு வருஷம் குடியிருக்கும்.

இந்தச் சங்கத்தில் விளக்குப் பிரிவுத் தலைவராகவும் மின்விசிறிப் பிரிவுத் தலைவராகவும் இருந்தவர் ஒரு எலக்ட்ரீஷியன். சங்கம் கூடும் நூலகப் பின்னறையில் ஒரு விளக்கும் ஒரு விசிறியும் இருந்தன. இரண்டு பதவியும் அப்படி வந்ததுதான்.

மனுஷன் நல்ல வேலைக்காரர். இரண்டு வருஷமாக ஒரே பெட்டியைச் செய்துகொண்டிருந்தார். முதுகில் தகடு தகடாக நிற்குமே, அந்த இனத்து டைனோசர் மூன்று, ஒரு குட்டையில் தண்ணீர் குடிக்கின்றன. சுற்றிலும் பதினாலு பெரணி மரம். பழைய ஒயரை உரித்து, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை இழை இழையாகப் பிரித்து, ஒவ்வொரு இழைக்கும் பச்சை பூசி இலை செய்திருந்தார். கரையில் சேறு. டீ வடிகட்டின தூளைக் காயவைத்துப் பசையில் குழைத்தது. சேறு காய்வதற்குள் பொம்மையின் காலை ஒவ்வொன்றாகப் பதித்து, எந்த மிருகம் எந்தப் பக்கமாக நடந்து வந்தது என்றுகூடத் தெரிகிற மாதிரி தடம் வைத்திருந்தார்.

எல்லாம் சரி. ஆனால் இந்தப் பெட்டி இருந்த இடம் அவர் வீட்டம்மாவின் மேசை. அந்தம்மா தையல்காரி. துணி வெட்டுவதற்கென்று சொல்லிச் செய்த மேசை அது. இரண்டு வருஷமாக மேசையில் டைனோசர் தண்ணீர் குடித்தது. அந்தம்மா தரையில் குனிந்து துணி வெட்டினாள்.

"என்னங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த மூணும் எப்ப தண்ணி குடிச்சு முடிக்கும்?"

"அது ஒரு நொடி. அந்த நொடிய அப்படியே நிறுத்தி வச்சிருக்கேன்."

"நீங்க அத நிறுத்தினதுல என் முட்டியும் நின்னுபோச்சு. உக்காந்தா எழுந்திரிக்க முடியல, எழுந்தா உக்கார முடியல. சனிக்கிழமை போட்டிதானே? ஜெயிச்சா கண்ணாடி அலமாரிக்குப் போகட்டும். தோத்தா பரணுக்குப் போகட்டும்."

"பரண்ல இது நுழையாதும்மா."

"நுழையற அளவுக்கு நான் வெட்டித் தர்றேன். என்கிட்ட நல்ல கத்திரி இருக்கு."

எலக்ட்ரீஷியன் பெட்டியைப் பார்த்தார். கத்திரியைப் பார்த்தார். சனிக்கிழமை காலையில் பெட்டியைப் பச்சைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நூலகத்துக்குப் போனார்.

சங்கத்தின் தலைவர், எடை அளவை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை போட்டவர் என்பதால் எல்லாருக்கும் அவர் தராசு சார். ஓய்வுக்குப் பிறகு முத்திரை போட ஒன்றும் அகப்படாமல் வீட்டுக் கரண்டிகளை அளந்துகொண்டிருந்தவரை, அவர் மனைவிதான் இந்தச் சங்கத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். செயலாளர், பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுதினவர். 'மேற்படி' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அவருக்குத் தும்மல்கூட வராது. இவர்கள் இரண்டு பேரும்தான் நடுவர்கள்.

சங்கத்துக்கு விதி ஒன்றே ஒன்றுதான். பெட்டிக்குள் இருப்பது எதுவானாலும் அசலில் நாற்பதில் ஒரு பங்கு இருக்க வேண்டும். தராசு சார் இடுக்கி மாதிரி ஒரு அளவுகோலும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

முதலில் பல் டாக்டருடைய பெட்டி. எரிமலை. உள்ளே ஏதோ மருந்தை வைத்து நிஜமாகவே புகை வரவழைத்திருந்தார்.

"இந்தப் புகை என்ன அளவு, டாக்டர்?"

"புகைக்கு ஏது சார் அளவு? புகை புகைதான்."

"மலை நாற்பதுல ஒண்ணு. மிருகம் நாற்பதுல ஒண்ணு. புகை மட்டும் முழுப் புகையா இருக்கே."

செயலாளர் எழுதினார்: 'மேற்படி எரிமலையின் புகை அசல் அளவில் வெளியேறுவது கண்டறியப்பட்டது. தள்ளுபடி.' பல்லைக் கடிக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற டாக்டர், பல்லைக் கடித்தார்.

அடுத்தது எலக்ட்ரீஷியன் பெட்டி. தராசு சார் டைனோசரை அளந்தார், சரியாக இருந்தது. பெரணியை அளந்தார், சரி. காலடித் தடங்களை எண்ணி இடைவெளியை அளந்தார், அதுவும் சரி. இருபது நிமிஷம் தேடியும் ஒரு குறை கிடைக்கவில்லை. ஆய்வாளருக்குக் குறை கிடைக்காவிட்டால் முகம் எப்படி இருக்கும்? பசியோடு உட்கார்ந்தவன் முன்னால் காலித் தட்டை வைத்தது போல இருந்தது.

அப்போதுதான் குட்டைக் கரையில் ஒரு எறும்பு வந்தது.

எங்கிருந்தோ வரவில்லை. சேறு செய்த டீத்தூள், சர்க்கரையோடு சேர்த்துக் கொதித்த தூள். அந்த ருசி தெரிந்துதான் வந்தது. பெரணிக்கு அடியில் நுழைந்து, மூன்றாவது டைனோசரின் வாலைச் சுற்றிக்கொண்டு, தன் பாட்டுக்குப் போயிற்று. தராசு சார் முகத்தில் விளக்குப் போட்டது போல வெளிச்சம் வந்தது. அளவுகோலை நீட்டினார்.

"ஆறு மில்லிமீட்டர். நாற்பதால பெருக்குங்க."

"இருநூத்தி நாப்பது," என்றார் செயலாளர்.

"அதாவது ஒரு சாண். ஒரு சாண் நீளத்துக்கு ஒரு எறும்பு, இந்தப் பெட்டியில நடமாடுது."

எறும்பு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் நாற்பதால் பெருக்கின பிறகு அதை வெறும் எறும்பு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"இத நீங்க வச்சீங்களா, தானா வந்ததா?" என்று கேட்டார் தராசு சார். "தானா வந்ததுன்னா அது அந்நியப் பொருள். தள்ளுபடி. நீங்க வச்சதுன்னா அது படைப்பு. பரிசீலிக்கணும்."

எலக்ட்ரீஷியன் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஃபியூஸ் போய்விட்டால் ஃபியூஸ் போச்சு என்றுதான் சொல்வார். மொத்த ஒயரிங்கும் போச்சு என்று சொன்னதே இல்லை. ஆனால் அந்தக் கத்திரி அவர் கண்முன் இரண்டு தரம் திறந்து மூடியது.

"நான்தான் வச்சேன்," என்றார்.

"ஒயர் எங்க?"

"ஒயர் இல்ல சார்."

"பேட்டரி?"

"அதுவும் இல்ல."

"ஒரு எலக்ட்ரீஷியன், ஒயரும் பேட்டரியும் இல்லாம ஓட விட்டிருக்காரு," என்று தராசு சார் மெதுவாகச் சொன்னார். கண் கலங்கின மாதிரி இருந்தது. "எழுதிக்குங்க."

பல் டாக்டர் எழுந்தார். "ஆட்சேபணை. பெட்டிக்குள்ள இருக்கிறதெல்லாம் நாற்பதால பெருக்கணும்னா, உங்க விரலும் இப்ப உள்ளதான் இருக்கு சார். அது மூணு மீட்டர் விரல்."

தராசு சார் விரலை எடுக்கவில்லை. "இது அலுவல் நிமித்தமா உள்ள போன விரல். கணக்குல வராது."

செயலாளர் அதையும் எழுதிக்கொண்டார். முதல் பரிசு அறிவிக்கப்பட்டது. சான்றிதழில் இப்படி இருந்தது: 'தகட்டு முதுகு டைனோசர் 3, பெரணி மரம் 14, பாறை 6, குட்டை 1, எறும்பு 1 (நீளம் 6 மி.மீ., நடமாடும் தன்மை உடையது). மேற்படி இனங்கள் ஒரு வருட காலம் எவ்வித மாறுதலும் இன்றி இருத்தல் வேண்டும். தவறும் பட்சத்தில் பெட்டி உரியவரின் இல்லத்துக்கே திருப்பி அனுப்பப்படும்.'

பெட்டி அலமாரிக்குப் போயிற்று. மேசை திரும்பக் கிடைத்தது. அன்றைக்கு அந்தம்மா நின்றுகொண்டே மூன்று சட்டை வெட்டினாள். பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

புதன்கிழமை கடிதம் வந்தது. 'இன்று காலை பத்து மணிக்கு மேற்கொள்ளப்பட்ட திடீர் ஆய்வில் மேற்படி எறும்பு இருப்பில் இல்லை என்பது தெரிய வந்தது. ஏழு தினங்களுக்குள் எறும்பை ஆஜர்படுத்துமாறு இதன் மூலம் அறிவுறுத்தப்படுகிறீர்கள்.'

எலக்ட்ரீஷியன் காலித் தீப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் தவழ ஆரம்பித்தார்.

"என்ன தொலைச்சீங்க?" என்றாள் மனைவி.

"எறும்பு தேடறேன்."

"அதோ போகுதே ஒண்ணு."

"அது சின்னது. ஆறு மில்லிமீட்டர் வேணும். இல்லன்னா பெட்டி வீட்டுக்கு வந்துடும்."

அந்தம்மா ஒரு நிமிஷம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று யோசிக்க ஒரு நிமிஷம் போதும். மேசையை நினைத்துக்கொள்ள அதில் பாதி போதும்.

"இருங்க," என்றாள். "டேப் எடுத்துட்டு வர்றேன்."

இரண்டு பேரும் மத்தியானம் வரை முட்டி போட்டுத் தேடினார்கள். அன்றைக்கு மட்டும் அவள் முட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடைசியில் அகப்பட்டது ஐந்து மில்லிமீட்டர்தான்.

தராசு சார் அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "போன வாரம் ஆறு. இந்த வாரம் அஞ்சு. நாற்பதால பெருக்கினா நாலு சென்டிமீட்டர் குறையுது. எங்க போச்சு அது?"

"அலைச்சல் சார். இளைச்சிருக்கும்."

"அப்படின்னா போஷாக்குக் கொடுக்கணும்."

சங்கத்தின் அனுமதியோடு, அரை ஸ்பூன் சர்க்கரை குட்டைக் கரையில் வைக்கப்பட்டது. அடுத்த நாள் ஆய்வில் நாற்பத்தொரு எறும்பு இருந்தது. 'அனுமதிக்கப்பட்டது ஒன்று, இருப்பு நாற்பத்தொன்று, கூடுதல் நாற்பது. விளக்கம் தேவை' என்று கடிதம் வந்தது. எலக்ட்ரீஷியன் பதில் எழுதினார்: 'ஒன்று அசல். மீதி நாற்பதும் அதைப் பார்க்க வந்த விருந்தினர்.' விருந்தினர் என்றால் வருகைப் பதிவேடு வேண்டுமே. செயலாளர் ஒரு தடிமனான நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் 'எறும்பு வருகைப் பதிவேடு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். பதவிக்காலம் முழுவதும் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததை யாரும் பார்த்ததில்லை.

தினமும் காலை பத்து மணிக்கு எண்ணிக்கை நடந்தது. நூலகத்துக்கு வருகிறவர்கள் முதலில் ஓரமாக நின்று பார்த்தார்கள். பிறகு கூடச் சேர்ந்து எண்ணினார்கள். பிறகு எண்ணுவதற்காகவே வந்தார்கள். இது வரைக்கும் அந்த நூலகத்தில் வாசகர்களைவிட நாற்காலிகள்தான் அதிகம். அதிலும் பாதி கால் ஒடிந்தவை. நூலகத்து அம்மா முதலில், "புத்தகத்துல எறும்பு ஏறினா யாருங்க பொறுப்பு?" என்று சத்தம் போட்டாள். மாதக் கடைசியில் வந்தவர்கள் எண்ணிக்கை பத்து மடங்கு என்று மேலிடத்துக்கு எழுதிப் பாராட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு வாசலில் அவளே ஒரு பலகை வைத்தாள்: 'இன்றைய எறும்பு: 63. நேற்று: 58.'

ஊரில் பேச்சே மாறிப்போயிற்று. "இன்னிக்கு எத்தன?" என்று கேட்டால் எதை என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. படித்தவர்கள், எறும்பை எண்ணினால் மன அமைதி வருகிறது என்றார்கள். எண்ணிக்கை குறைந்த நாளில் அதே ஆட்கள் தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போனார்கள். பல் டாக்டர்கூடத் தன் காத்திருப்பு அறையில் ஒரு தட்டு வைத்து, அதில் சர்க்கரை தூவினார். தொழிலுக்கும் நல்லது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. எறும்புகள் டைனோசர் வயிற்றுக்கு அடியில் போய் நின்றுகொண்டன. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் எழுபது, இன்னொரு பக்கத்திலிருந்து அறுபத்தாறு. அவசரப் பொதுக்குழு கூடியது.

"இந்த டைனோசருங்க எண்ணிக்கைக்கு இடைஞ்சலா நிக்குது," என்றார் தராசு சார். "தற்காலிகமா அகற்றலாம்னு தீர்மானம் கொண்டு வர்றேன்."

"சார், அது டைனோசர் பெட்டி," என்றார் எலக்ட்ரீஷியன்.

"யாரு இல்லன்னா? அது டைனோசர் பெட்டிதான். அதுல டைனோசர் இருக்கணுமா வேண்டாமாங்கிறதுதான் கேள்வி."

"சான்றிதழ்ல மூணுன்னு போட்டிருக்கே."

"திருத்திக்கலாம். உங்களுக்கு விருப்பம் இல்லன்னா சொல்லுங்க, பெட்டிய இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறோம்."

எலக்ட்ரீஷியன் கையைத் தூக்கினார். முழங்கை வரைக்கும்தான் எழுந்தது. செயலாளர் அதை முழுக்கையாகவே எழுதிக்கொண்டார். மூன்று டைனோசருக்கும் ரசீது கொடுக்கப்பட்டது. அடுத்த வாரம் பெரணி மரங்கள் நிழல் விழச் செய்கின்றன என்று பதினாலும் போயின. அதற்கடுத்த வாரம், குட்டையில் எறும்பு விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டுக் குட்டையை மூடினார்கள். எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு தடவையும் முழங்கை வரை கை தூக்கினார். கடைசியில் அலமாரியில் மிஞ்சியது, அரை ஸ்பூன் சர்க்கரை வைத்த ஒரு பலகை. கூட்டம் முன்னைவிட அதிகமாக வந்தது. இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது என்றார்கள்.

அந்தம்மாவின் தொழிலும் சூடு பிடித்தது. உடுப்பின் ஓரத்தில் கறுப்புத் துணியில் எறும்பு வெட்டி வைத்துத் தைத்துத் தரச் சொல்லி வரிசையில் நின்றார்கள். சட்டைக்கு ஏழு, பாவாடைக்கு இருபது. ஒரு வாடிக்கைக்காரி, பத்தொன்பதுதான் இருக்கிறது என்று பாவாடையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டாள். மேசை முழுக்க எறும்பு. வயிறு ஒரு குவியல், தலை ஒரு குவியல், கால் தனியாக ஒரு டப்பா.

"கொஞ்சம் ஓரமா ஒரு இடம் கிடைக்குமா?" என்று எலக்ட்ரீஷியன் ஒருநாள் கேட்டார். கையில் பழைய ஒயர் இருந்தது. உரித்துப் பார்க்க ஆசை.

"ஒரு இஞ்சுகூட இல்லங்க. அடுத்த வருஷமும் உங்க பெட்டி அங்கயே இருக்கட்டும். இங்க வந்தா வைக்க இடம் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

அடுத்த வருஷப் போட்டி வந்தது. அனுபவம் உள்ளவர் என்று எலக்ட்ரீஷியனையும் நடுவராகப் போட்டார்கள். போட்டியாளரே நடுவராக இருக்கலாமா என்று ஒருத்தர் கேட்டார். அவருடைய பெட்டியை அளக்கும்போது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார் என்று முடிவாயிற்று. நியாயம் நியாயம்தானே.

ஒன்பது பெட்டி, ஒன்பது பலகை, ஒன்பது சர்க்கரைக் குவியல். பல் டாக்டருடையது நூற்றிரண்டு. எலக்ட்ரீஷியனுடையது நூற்றுமூன்று. சுவரைப் பார்த்துக்கொண்டே அவர் மூச்சு விட்டார்.

அப்போது பத்தாவதாக ஒரு ஆள், வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். ஊருக்குப் புதுசாக மாற்றலாகி வந்த பஸ் டிரைவர். கையில் பெரிய பெட்டி. பெயர்ப்பலகையில் டைனோசர் சங்கம் என்று பார்த்து வந்தேன், நானும் சேரலாமா என்றார்.

பெட்டிக்குள் ஒரு ஆறு. ஆற்றங்கரையில் முட்டையிலிருந்து ஒரு டைனோசர் குட்டி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஓடு உடைந்து ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஈரம் தெரிந்தது. தாய் கழுத்தை வளைத்துக் குனிந்து பார்த்தது. அந்தக் கண்ணில் என்னத்தைப் பூசினாரோ, பார்க்கிறவரைத் திரும்பிப் பார்த்தது. பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். நூலகத்து அம்மா கையில் இருந்த சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். தராசு சார்கூட அளவுகோலை நீட்டவில்லை.

"நீங்களே பாருங்க," என்று பூதக்கண்ணாடியை எலக்ட்ரீஷியன் கையில் கொடுத்தார்.

எலக்ட்ரீஷியன் குனிந்தார். முட்டையைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். இந்த ஆள் எத்தனை மாசம் உட்கார்ந்திருப்பார் என்று அவருக்குத் தெரியும். அறையில் வேறு யாருக்கும் அது அவ்வளவு தெரியாது. இது ஜெயித்தால் நம்ம பலகை வீட்டுக்கு வரும். வந்தால் எங்கே வைப்பது? மேசையில் வயிறும் தலையும் காலும். பரணிலும் கறுப்புத் துணி. எல்லா மூலையிலும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுகூட இல்ல," என்றார்.

"எது சார்?" என்றார் டிரைவர்.

"எறும்பு. இவ்வளவு பெரிய பெட்டியில ஒரு எறும்புகூட இல்ல. நல்ல உழைப்பு, இல்லன்னு சொல்லல. ஆனா இடத்தையெல்லாம் இப்படி அடைச்சு வச்சா அது எங்க நடக்கும்?"

செயலாளர் எழுதினார்: 'மேற்படி பெட்டியில் பொருள் எதுவும் இல்லை. தள்ளுபடி.'

அறையில் இருந்த எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அடைமழை ஓய்ந்த மாதிரி இருந்தது. டாக்டர் தலையாட்டினார். நூலகத்து அம்மா சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் 103 என்று பெரிதாக எழுதினாள்.

டிரைவர் தன் பெட்டியை ஒரு தரம் பார்த்தார். பிறகு தாயையும் குட்டியையும் முட்டையோடு பிடுங்கி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, உள்ளங்கையை விரித்து, பணிவாகக் கேட்டார்:

"சர்க்கரை எத்தன ஸ்பூன் சார் வைக்கணும்?"